ரீசேல் வீடு சரி, ரீசேல் சட்டை வேண்டாமா?

போன வருடம் 4 வெள்ளிக்கு ஒரு லினன் சட்டை வாங்கி வந்தேன். வெளிர் நீலம், ஒரு பொத்தான்கூடத் தளரவில்லை. அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கடையில வாங்கினதா?" என்றார். "கடைதான்மா, த்ரிஃப்ட் ஷாப்" என்றேன். சட்டை சோபாவில் விழுந்தது. "எவன் போட்டதோ, என்ன சீக்கு இருந்துச்சோ. உனக்கு என்ன, சம்பளம் வரலையா?"

இந்த விசாரணை நடந்த இடம் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ரீசேல் வீடு. எங்களுக்கு முன்னால் அதில் ஒரு சீனக் குடும்பம் இருபது வருடம் வாழ்ந்திருக்கிறது. தரை ஓடு அவர்கள் போட்டது, அடுக்களை அலமாரி அவர்கள் அடித்தது. அவர்கள் வீட்டுத் தாத்தா கடைசிக் காலத்தில் படுத்திருந்த அறையில்தான் நான் பள்ளிக்கூடப் பாடம் படித்தேன். அப்பாவும் அம்மாவும் விளக்கேற்றிப் பால் காய்ச்சினார்கள், குடி வந்தோம், முடிந்தது கதை. இதைச் சொன்னதும் அம்மா, "வீடு வேற, துணி வேற" என்றார். எப்படி வேற என்று கேட்டேன். "வேறன்னா வேறதான்."

அந்த 'வேறதான்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. பழைய பொருளில் எதை நாம் தயங்காமல் வாங்குகிறோம், எதைத் தொடக்கூட மாட்டோம், அந்தத் தயக்கம் எப்போது நியாயம், எப்போது வீண்?

முதலில், த்ரிஃப்ட் ஷாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. மக்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் பொருட்களைப் பிரித்து, விலை போட்டு விற்று, வரும் பணத்தைத் தொண்டு வேலைக்குச் செலவழிக்கும் கடை அது. சிங்கப்பூரில் இதில் பழைய பெயர் இரட்சணிய சேனை. 1935இலிருந்து இங்கே இருக்கும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. அதன் ரெட் ஷீல்ட் பிரிவுதான் பழைய பொருட்களைச் சேகரித்து விற்கிறது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் 96ஆம் எண் கட்டடத்தில் நியூ டூ யூ என்ற சிறிய கடை இருக்கிறது. சிங்கப்பூர் மாதர் அமைப்புகளின் மன்றம் நடத்துவது. தொண்டூழியர்கள்தான் கல்லாவில் நிற்பார்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மன்றம் ஒரு தங்குமிடம் நடத்துகிறது. நீங்கள் கொடுக்கும் 5 வெள்ளி போய்ச் சேருவது அந்த மாதிரிப் பணிகளுக்கு. 1962இல் தொடங்கிய மைண்ட்ஸ் அமைப்புக்கும் கடைகள் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் அங்கே வேலை பழகுகிறார்கள்.

இவற்றை கரங்குனி அங்கிளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் ஹார்னை அமுக்கிக்கொண்டு வந்து பழைய பேப்பரையும் ரேடியோவையும் காசு கொடுத்து எடுத்துப் போகிறவர், அவருடையது வியாபாரம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்ட சுங்கே ரோடு பழஞ்சந்தையும் வியாபாரம்தான். கரோசெல் செயலியில் நடப்பதும் அப்படியே. இவை எல்லாவற்றிலும் விற்பவருக்கு லாபம் வேண்டும். த்ரிஃப்ட் கடையில் பொருளைக் கொடுத்தவருக்கு ஒரு காசும் கிடையாது. அதனால்தான் விலை அவ்வளவு குறைவு. அதனாலேயே சில சமயம் குப்பையும் வந்து சேருகிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கரப்பான் பூச்சியும் பழச்சாறும்

அம்மாவின் 'வேறதான்' என்ற சொல்லுக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. தமிழில் 'தொற்று எண்ணம்' என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பொருளை ஒருவர் தொட்டுவிட்டால் அவரில் ஏதோ ஒன்று அதில் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீரில் கழுவினாலும் போகாது என்று மனசு நம்புவது. மூளைக்கு அது பொய் என்று தெரியும். கை மட்டும் நீளாது.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவரோடு சேர்ந்தவர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை பிரபலம். செத்த கரப்பான் பூச்சி ஒன்றைக் கிருமி நீக்கம் செய்து, பழச்சாற்றில் தோய்த்து எடுத்தார்கள். சாறு சுத்தம்தான் என்று தெரிந்திருந்தும் ஆட்கள் குடிக்கத் தயங்கினார்கள். அதே ஆய்வில் சட்டைகளைப் பற்றியும் கேட்டார்கள். தனக்குப் பிடிக்காத ஒருவர் போட்டு, துவைத்துத் தந்த சட்டை என்றால் ஆசை இறங்கிவிடுகிறது. ஆக, அழுக்கு மட்டும் பிரச்சினை இல்லை. ஆள்தான் பிரச்சினை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், தமக்குப் பிடித்த பிரபலம் ஒருவர் போட்ட ஸ்வெட்டரை வாங்குவதில் எவ்வளவு ஆர்வம் என்று மக்களைக் கேட்டார்கள். நன்றாக ஆர்வம் காட்டினார்கள். அதையே கிருமி நீக்கம் செய்துவிட்டோம் என்றதும் ஆர்வம் குறைந்தது. போய்விட்டதே, அவர் 'வாசம்'! ரஜினி தோளில் போட்ட துண்டு ஏலத்துக்கு வந்தால் அதைச் சலவைக்குப் போடச் சொல்லி யாராவது கேட்பார்களா, யோசித்துப் பாருங்கள்.

தமிழர்களாகிய நமக்கு இதை விளக்க ஆய்வே தேவையில்லை என்று நினைக்கிறேன். எச்சில் என்ற ஒரு சொல் போதும். வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்கப் பழகிய கூட்டம் நாம். தீபாவளிக்குப் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவி எடுத்து வைப்போம். அந்த 'புது' என்ற சொல்லின் கனம் வேறு மொழிக்காரருக்குச் சட்டென்று புரியாது.

ஆனால் இதே நாம்தான் பல தமிழ்க் குடும்பங்களில் பிறந்த குழந்தைக்கு முதல் முதலில் புதுத்துணி போடுவதில்லை. தாத்தாவின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனது, அதில்தான் சுற்றுவோம். அண்ணன் சட்டை தம்பிக்கு, சித்தி மகள் பாவாடை உனக்கு என்று வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஊரில் பழைய பட்டுப்புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய பாட்டிமார் அந்தப் புடவை அடுத்து யார் இடுப்புக்குப் போகும் என்று கவலைப்பட்டதில்லை. தங்கத்தைக் கேட்கவே வேண்டாம். தேக்காவில் வாங்கும் வளையலில் எத்தனை பேருடைய பழைய தாலிக்கொடி உருகிக் கலந்திருக்கிறது என்று யாரும் கடைக்காரரிடம் கேட்பதில்லை.

அப்படியென்றால் விதி என்ன? எனக்குத் தெரிந்தவரை மூன்று விஷயங்கள் கூடிக் குறைகின்றன. பொருள் உடம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது ஒன்று. முந்தைய ஆள் சொந்தமா அந்நியமா என்பது இன்னொன்று. மூன்றாவது, நடுவில் ஏதாவது 'கழித்தல்' நடந்ததா என்பது. தங்கத்துக்கு நெருப்பு, வீட்டுக்குக் காய்ச்சிய பால். துணிக்கு அப்படி ஒரு சடங்கு நம்மிடம் இல்லை. சலவை இயந்திரத்தை அந்த இடத்தில் வைக்க அம்மாவின் மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

கடைக்குள் போனால்

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு த்ரிஃப்ட் கடையைச் சுற்றி வாருங்கள், எது நகர்கிறது, எது தேங்குகிறது என்று புரியும். புத்தகங்கள், கண்ணாடிக் கிண்ணங்கள், சட்டம் போட்ட படங்கள், பொம்மைகள், கைப்பைகள் முன்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள். மேல்சட்டை, ஜாக்கெட், கவுன் பரவாயில்லை. குழந்தைத் துணி சட்டென்று போகும். ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும் உடுப்புக்கு முழு விலை கொடுப்பது எந்தத் தாய்க்கும் வயிற்றெரிச்சல்தான். கால்சட்டையில் தயக்கம் தொடங்குகிறது. காலணியில் கூடுகிறது. நீச்சலுடை, தலையணை, மெத்தை என்று போகும்போது பலர் முகம் சுளிப்பார்கள். உள்ளாடையைக் கடைகளே பெரும்பாலும் ஏற்பதில்லை.

பாத்திரம் ஒரு தனிக் கதை. ஒரு முறை கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவே ஓர் எவர்சில்வர் தூக்கு கிடந்தது. மூடியில் 'சு. மீ. 1978' என்று பெயர் வெட்டியிருந்தது. இது மட்டும் அம்மாவை அசைத்தது. "சீர் பாத்திரம் போலிருக்கு. பாவம், அந்தம்மா போய்ச் சேர்ந்திருக்கும், பிள்ளைங்க மூட்டை கட்டிப் போட்டுட்டாங்க" என்றார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக நெஞ்சு உருகியதே தவிர, தூக்கை வாங்க விடவில்லை. பெயர் இல்லாமல் இருந்திருந்தால் வாங்கியிருப்போம் என்று பந்தயமே கட்டுவேன். எவர்சில்வரில் எதுவும் ஊறாது, சாம்பல் போட்டுத் தேய்த்தால் புதிதுபோல் மின்னும். அதைவிடக் கழுவிச் சுத்தம் செய்யச் சுலபமான பொருள் அந்தக் கடையிலேயே இல்லை.

துணியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுத்துணி கடையில் தொங்கும்போது எத்தனை பேர் போட்டுப் பார்த்துக் கழற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். துவைக்காமல் போடுவது எதுவானாலும் தப்புதான். துவைத்துக் காய வைத்த பருத்திச் சட்டையில் முன்பு போட்டவரின் ஒரே மிச்சம் காலர் கறை மட்டுமே. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்னவர்கள் அது யாருடைய கந்தை என்று கேட்கவில்லை.

தெரியாததால் வரும் பயம்

தயக்கத்துக்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. இதில் அருவருப்புக்கு வேலை இல்லை. ரைஸ் குக்கர், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி இவற்றைப் பார்த்து நமக்குக் குமட்டுவதில்லை. நல்லா இருந்தா ஏன் கொடுத்தான் என்ற சந்தேகம்தான் வருகிறது.

பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை இந்தச் சந்தேகத்தைப் பற்றியதுதான். பழைய கார் விற்பவருக்கு அதன் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எல்லாக் காரையும் சந்தேகத்தோடு பார்ப்பதால் வாங்குபவர் குறைந்த விலைதான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார்களே மிஞ்சும். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டைக் காருக்கு 'லெமன்' என்று பெயர். 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். வியாபாரிகள் விற்கும் பழைய பொருளுக்கும் அது பொருந்தும், பொருளின் வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றால் பொருந்தாது.

த்ரிஃப்ட் கடையில் ஒரு வேறுபாடு உண்டு. பொருளைக் கொடுத்தவர் உங்களிடம் எதையும் மறைத்துப் பணம் பண்ணப் பார்ப்பதில்லை. வீடு மாறுகிறார், வேலை முடிந்து நாடு திரும்புகிறார், சீனப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ வீட்டை ஒழிக்கிறார். சில சமயம் உரியவர் இறந்துபோயிருப்பார். கொடுப்பதற்கான காரணம் பெரும்பாலும் பொருளில் இருப்பதில்லை, வாழ்க்கையில் இருக்கிறது. ஆனாலும் மின்சாதனம் என்றால் சோதித்துத்தான் வாங்க வேண்டும். கடையில் பிளக் இருக்கும், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த சாதனம் குறைந்த வோல்ட்டுக்கானதாக இருக்கலாம், அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். இங்கே 33 வகை வீட்டுச் சாதனங்கள் பாதுகாப்பு முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். அந்த முத்திரை இல்லாத இஸ்திரிப் பெட்டி 3 வெள்ளிக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

அருவருப்பு ஏமாற்றும் இடம்

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். நமக்கு அருவருப்பைத் தரும் பொருள்கள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆபத்தான பொருள்கள் பலவும் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்து வைத்தால் புதுசு மாதிரி. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு ஒரு முறை அடி வாங்கினால் நசுங்கிவிடும், பழையபடி எழாது. வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாமல் போகலாம். அந்த ஹெல்மெட் ஏற்கெனவே யாரையோ காப்பாற்றிவிட்டதா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. குழந்தைக்கான கார் இருக்கையும் இப்படித்தான். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு அது சட்டப்படி கட்டாயம், புதுசு விலையும் அதிகம், அதனால் பழசில் ஆசை வரும். அண்ணி வீட்டிலிருந்து வந்தால் விபத்தில் சிக்கியதா, எப்போது வாங்கியது என்று கேட்கலாம். அலமாரியில் கிடக்கும் இருக்கையிடம் யார் கேட்பது? பக்கவாட்டுச் சட்டம் கீழே இறங்கும் பழைய தொட்டில்களும் அப்படித்தான். குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

காலணியில் நான் சொந்தமாகப் பாடம் கற்றேன். பெட்டியோடு, போடாத ஓட்டக் காலணி, 12 வெள்ளி. யார் காலும் படாதது என்று அம்மாகூட ஒப்புக்கொண்டார். இரண்டாம் வாரம் பீஷான் பூங்காவில் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்தது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும். நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சொல்ல வேண்டுமா? வருடக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்தது, நேற்றுவரை ஒருவர் போட்டு நடந்ததைவிட மோசமாக இருக்கலாம். செயற்கைத் தோல் பையும் சோபாவும் செதில் செதிலாக உரிவதும் இதே காரணத்தால்தான். வாங்குமுன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, காலணியை இரண்டாக மடக்கிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

அம்மாவின் அருவருப்பு நூற்றுக்கு நூறு சரியாகும் இடம் மெத்தை. மூட்டைப்பூச்சி தையல் மடிப்பில் ஒளிந்திருக்கும், ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மெத்தையைத் துவைக்கவும் முடியாது. துணியை 60 டிகிரி சூட்டில் துவைத்தோ, சலவைக்கடையின் சூடான உலர்த்தியில் அரை மணி போட்டோ எடுத்தால் பூச்சி சாகும். மெத்தைக்கும் பஞ்சு சோபாவுக்கும் அந்த வழி இல்லை. மர நாற்காலியென்றால் தலைகீழாகக் கவிழ்த்து, மூலை முடுக்கில் கரும்புள்ளி இருக்கிறதா என்று கைபேசி விளக்கில் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொடுக்கும் கை

தொற்று எண்ணம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். வாங்கும்போது 'எவன் போட்டதோ' என்று யோசிக்கும் நாம், கொடுக்கும்போது யாராவது போடுவார்கள் என்று ஜிப் போன கால்சட்டையையும் ஒற்றைக் காலணியையும் மூட்டையில் திணிக்கிறோம். அதைப் பிரித்து ஒதுக்குவது ஒரு தொண்டூழியர். ஒதுக்கியதைத் தூக்கிப் போடும் செலவு அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு. 2022இல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு 254,000 டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 2 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பகுதி எரிந்து சாம்பலாகி, குப்பை கொட்டும் செமாக்கா தீவுக்குப் போகிறது.

சேகரிப்புப் பெட்டியில் போட்டதெல்லாம் போட்டவர் நினைத்த இடத்துக்குத்தான் போகும் என்றும் இல்லை. ஓட்டப்பாதையும் விளையாட்டுத் திடலும் போடப் பழைய காலணி சேகரித்த ஒரு திட்டத்தில், ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடிக்குள் கண்காணிப்புக் கருவி வைத்துப் போட்டார்கள். 2023இல் வந்த அந்தச் செய்தியின்படி ஒரு ஜோடிகூட அப்படி மாறவில்லை. பழைய துணிமணி இறக்குமதிக்குத் தடை இருக்கும் இந்தோனீசியாவுக்குச் சில ஜோடிகள் போய்ச் சேர்ந்திருந்தன. கடைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். எது வேண்டும், எது வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். மூடிய கடை வாசலில் இரவோடு இரவாக மூட்டையை வைத்துவிட்டு வருவது மட்டும் கூடாது. ஒரு மழை பெய்தால் நல்ல துணியும் சேர்ந்து போச்சு.

இந்தத் தீபாவளிக்கு அம்மா பீரோவை ஒழித்தார். ஏழு புடவை மடித்து வைத்திருந்தார், எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு. வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு நான் கொண்டுபோவதாகப் பேச்சு. கிளம்பும்போது பையைத் திறந்து மாம்பழ நிறப் புடவை ஒன்றை வெளியே எடுத்தார். நன்றாகத்தானே இருக்கிறது, யாராவது ஆசையாக வாங்குவார்களே என்றேன்.

"அது உங்கப்பா எடுத்துக் கொடுத்தது" என்று சொல்லி அதைப் பீரோவின் அடித்தட்டில் திரும்ப வைத்துப் பூட்டினார். "எவளோ கட்டிக்கிட்டுத் திரிவா."